சௌராஸ்தாவில் பழைய பேட்மேன் கிடைத்தால்

பினாங்கு சௌராஸ்தா சந்தையின் பழைய புத்தகக் கடையில், பேட்மேன் முதன்முதலாக வந்த 1939 மே மாத 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27ஆம் இதழ் கண்ணில் பட்டால், பர்ஸைத் திறக்குமுன் அடிக்கோலை எடுங்கள். அசல் இதழ் ஏறக்குறைய 7¾ அங்குல அகலம், 10½ அங்குல உயரம். 10க்கு 13½ இருந்தால் அது 1970களின் மறுபதிப்பு. அதன் கெட்டியான வெளி அட்டையைக் கழற்றிவிட்டால், உள் அட்டை '10 சென்ட்' விலையோடு அசலைப் போலவே இருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். சூப்பர்மேன் அறிமுகமான 1938 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழுக்கும் இதே கதை.

தாள் பழுப்பை நம்பவே வேண்டாம். நம்மூர்ப் புழுக்கத்தில் 70களின் மட்டத்தாளும் பழுத்துவிடும். பக்கங்களை எண்ணுங்கள்: அசலில் அட்டை நீங்கலாக 64. வாங்கினால் பி.வி.சி. உறையில் போடாதீர்கள், மையில் ஒட்டிக்கொள்ளும். மைலார் (பாலியெஸ்டர் படலம்) உறை நல்லது.