காசு கட்டாதவரின் மெயிலை நிறுத்துவது எப்படி

ஹோஸ்டிங் (இணையத்தளத்துக்கும் மெயிலுக்கும் சர்வரில் இடம்) விற்கத் தொடங்கின புதிதில், நல்லூர்ப் பக்கம் தங்குவிடுதி வைத்திருந்த ஒரு அண்ணை மூன்று மாதமாகக் காசு தரவில்லை. ஹோஸ்டிங் விற்கிறவர் கணக்குகளை நிர்வகிக்கிற டபிள்யூ.எச்.எம்.மில் அவரின் முழுக் கணக்கையுமே சஸ்பெண்ட் பண்ணினேன். கந்தசுவாமி கோயில் கொடியேறப்போகிற நேரம். 25 நாள் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அறை கேட்டவர்களின் மெயிலெல்லாம் திரும்பிப்போயிருக்கு. "தம்பி, அறை நிரம்பினாத்தானே நான் உமக்குக் காசு தரலாம்?" என்றார். இன்னொரு கூத்து: பில்லை நினைவூட்டி நான் அனுப்பினதும் பூட்டின அதே மெயில் பெட்டிக்குத்தான்.

ஆகவே வைபரில் பில்லைப் போட்டுவிட்டு போன் எடுங்கோ. கடையில் நிற்கிற பொடியனிடம் சொன்னால் போய்ச்சேராது, முதலாளியோடு கதையுங்கோ. நிறுத்தும் திகதியை எழுத்திலும் கொடுங்கோ. வெள்ளி பின்னேரம் மட்டும் வேண்டாம். வங்கிக்குப் போய்க் கட்டுகிற ஆள் திங்கள் வரை ஒன்றும் செய்யேலாது.

அந்தத் திகதியும் தாண்டினால், அவரின் கணக்குக்குரிய கட்டுப்பாட்டுப் பக்கமான சிபேனலில் ஈமெயில் அக்கவுண்ட்ஸுக்குப் போய், உரிய முகவரிக்கு நேரே மேனேஜை அழுத்துங்கோ. வருவது, அனுப்புவது, உள்நுழைவது மூன்றையும் அங்கே தனித்தனியே நிறுத்தலாம். அனுப்புவதை மட்டும் சஸ்பெண்ட் பண்ணுங்கோ. பக்கத்திலுள்ள ஹோல்டைத் தொடவேண்டாம். அது மெயிலை வரிசையில் வைத்திருக்கும். அனுப்பினவர் போய்விட்டதென்று இருப்பார். காசு கட்டித் திறந்த அன்று போன மாதக் கொட்டேசனெல்லாம் ஒரேயடியாய்ப் பறக்கும்.

இன்னும் இரண்டு கிழமை போனால் உள்நுழைவையும் நிறுத்துங்கோ. அப்பவும் வருவது வரட்டும். பெட்டி நிரம்பினால் மெயில் தானாகவே திரும்பும், கோட்டாவை (பெட்டிக்குக் கொடுத்த இட அளவை) பார்த்துக்கொள்ளுங்கோ.

கடவுச்சொல்லை மாற்றி மறிக்கிறவர்களும் இருக்கிறார்கள். கடையிலுள்ள நாலு போனும் பழைய கடவுச்சொல்லோடு விடாமல் தட்ட, சர்வரின் பாதுகாப்பு மென்பொருள் அந்தக் கடையின் ஐபியையே (இணைய இணைப்பின் முகவரியையே) மறித்துவிடக்கூடும். அப்படி மறித்தால், பேந்து காசு வந்தும் மெயில் திறக்காது. அரைநாள் வேலை உங்களுக்குத்தான்.

மெயில் உங்கள் சர்வரில் இல்லாமல் கூகுளின் கட்டணச் சேவையான கூகுள் வேர்க்ஸ்பேஸில் என்றால் கதை வேறு. பயனரை சஸ்பெண்ட் பண்ணினால் வருகிற மெயிலும் நிற்கும். கூகுளிடமிருந்து உங்களுக்கு வருகிற பில் நிற்காது.

டொமைனை (மெயில் முகவரியில் @ க்குப் பின்னால் வருகிற பெயரை) காலாவதியாக விடாதேங்கோ. வேறு யாரும் பதிந்தால் அந்த முகவரிக்கு வருகிற மெயில் அவருக்குத்தான் போகும். டொமைனைப் புதுப்பிக்கிற காசை நானே கட்டிவிட்டுப் பில்லில் சேர்க்கிறேன்.

காசு வந்ததும் திறந்து, ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்கோ. அது உங்களுக்கு வந்துசேர்ந்த பிறகு ரசீதை எழுதுங்கோ.