25 ரூபாய் கேட்ட மெயில்

அம்மாவுக்கு மிக்ஸி ஆர்டர் போட்ட மூன்றாம் நாள் ஒரு மெயில்: "முகவரியில் பிழை. 25 ரூபாய் கட்டினால் பார்சல் வரும்." சின்னத் தொகை என்பதால் கை தானாகப் போகும். மோசடிக்காரர்களின் குறி உங்கள் கார்டு எண்ணும் ஓடிபியும்தான்.

அனுப்பியவர் பெயரைத் தொட்டு முழு முகவரியைப் பாருங்கள். கடையின் பெயர் இருக்கும், @ குறிக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கும். அது சரியாகவே தெரிந்தாலும் லிங்க் வேண்டாம். கடையின் ஆப்பை நீங்களே திறந்து ஆர்டரைப் பாருங்கள். உண்மையான பாக்கி என்றால் அங்கேயும் காட்டும். எனக்குக் காட்டவில்லை.

அப்புறம், ரீஃபண்ட் தர யுபிஐ பின் கேட்டால் அது பொய். பணம் அனுப்பத்தான் பின் வேண்டும், பணம் வாங்க பின் தேவையில்லை.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு உட்காராதீர்கள், உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.