இறாலின் இரத்த அணுக்கள் பெருகுகின்றனவா? எண்ணிப் பார்க்கும் முறை

கிருமி உள்ளே புகுந்ததும் இறாலின் இரத்த அணு எண்ணிக்கை கூடுவதில்லை. முதல் சில மணி நேரத்தில் சரியத்தான் செய்யும். அணுக்கள் கிருமியைச் சூழ்ந்து கட்டியாகித் திசுக்களிலும் செவுளிலும் தங்கிவிடுகின்றன. அதனால் ஒரே ஒரு முறை எண்ணிவிட்டு முடிவு சொல்லாதீர்கள்.

15 முதல் 20 கிராம் எடையுள்ள, ஓடு கெட்டியான வெனாமி இறால்களை எடுங்கள். ஓடு உரிக்கும் கட்டத்தில் எண்ணிக்கை தானாகவே மாறும். ஒரு குழுவுக்குக் கொல்லப்பட்ட விப்ரியோ பாக்டீரியா, இன்னொன்றுக்கு வெறும் உப்புக்கரைசல், இரண்டும் 50 மைக்ரோலிட்டர், வயிற்றுத் தசையில். ஊசி குத்திய காயமே அணுக்களைக் குறைக்கும் என்பதால் இரண்டாவது குழுவை விட்டுவிடக் கூடாது. ஊசி போட்டதிலிருந்து 0, 6, 24, 48 மணியில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு குழுவிலும் 6 இறாலில் இரத்தம் எடுங்கள். ஒருமுறை இரத்தம் எடுத்ததை மறுபடி குத்தாதீர்கள். இரத்த இழப்பும் கணக்கைக் கெடுக்கும்.

1 மில்லி சிரிஞ்சு, 26 கேஜ் ஊசி. முதலில் 0.2 மில்லி குளிர்ந்த 10% சோடியம் சிட்ரேட்டை இழுத்துக்கொண்டு, முதல் வயிற்றுக் கண்டத்தின் அடிப்புறத்தில் குத்தி 0.2 மில்லி இரத்தம் எடுங்கள். மெதுவாக இழுங்கள். லேசான நீலம் கலந்த தெளிந்த திரவம் வரும். சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்து உறைதலைத் தடுக்கிறது. அப்படியும் நூல்நூலாகத் திரிந்தால் அந்த மாதிரியைக் கொட்டிவிடுங்கள். அணுக்கள் கட்டிக்குள் சிக்கியிருக்கும், எண்ணிக்கை பொய்யாகும்.

சிட்ரேட் கலந்த இரத்தத்தில் 50 மைக்ரோலிட்டரை, 2.5% உப்பில் கரைத்த 4% ஃபார்மலின் 450 மைக்ரோலிட்டரில் கலக்குங்கள். உப்பில்லாத நீரில் அணுக்கள் ஊதி வெடிக்கும். ஆக மொத்தம் 20 மடங்கு நீர்ப்பு. நியூபாவர் சேம்பரில் (அணு எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடித் தட்டு) நான்கு மூலைக் கட்டங்களின் சராசரியை 20 ஆலும் 10,000 ஆலும் பெருக்கினால் ஒரு மில்லியின் எண்ணிக்கை. சராசரி 100 என்றால் 2 கோடி.

சரிந்த எண்ணிக்கை மீண்டாலும் பெருக்கம் நடந்தது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. திசுக்களில் தங்கியவை திரும்பியிருக்கலாம். ஓடும் இரத்தத்தில் அணுக்கள் பிரிவது மிகக் குறைவு. புதியவை பிறக்குமிடம் இரைப்பையின் மேற்புறம் ஒட்டியுள்ள இரத்த அணுக்களை உண்டாக்கும் மெல்லிய திசு. தலைப்பகுதியை, திசுவைக் கெடாமல் நிலைநிறுத்தும் டேவிட்சன் கரைசலில் 24 மணி நேரம் வைத்து, 70% ஆல்கஹாலுக்கு மாற்றி, நுண்ணோக்கியில் பார்க்க மெல்லிய சீவல் எடுத்து ஹீமடாக்சிலின்-இயோசின் சாயமேற்றுங்கள். அந்தத் திசுவின் 1,000 அணுக்களில் எத்தனை பிரியும் நிலையில், குரோமோசோம்கள் திரண்டு தெரிகின்றன என்று எண்ணி, உப்புக்கரைசல் குழுவோடு ஒப்பிடுங்கள்.