படலைக் கமராவை ஹோம் அசிஸ்டன்டில் சேர்க்கும்போது விடும் பிழைகள்

போன கிழமை கிளிநொச்சியில் ஒரு தம்பி தன் வீட்டுக் கமராவை ஹோம் அசிஸ்டன்டில் (வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் பார்த்து இயக்கும் மென்பொருள்) சேர்த்துவிட்டு, "அண்ணை, வேலை செய்யுது, பாருங்கோ" என்று போனை நீட்டினான். நான் விட்ட அதே பிழை அதில் இருந்தது. வயர் கழன்றது, பாஸ்வேர்ட் மாறியது போன்றவற்றை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். கீழே சொல்லும் பிழைகள் அப்படித் தெரியாது.

ஐபி முகவரியைக் கட்டி வைக்காமல் விடுவது

விசுவமடுவில் எங்கள் மிளகாய்த் தோட்டத்துப் படலைக்கு ஒரு கமரா பூட்டியிருந்தேன். ரவுட்டர் அன்றைக்குக் கொடுத்த ஐபி முகவரியையே (நெட்வேர்க்கில் கமராவின் இலக்கம்) ஹோம் அசிஸ்டன்டின் 'ஜெனரிக் கமரா' இணைப்பில் படத்துக்கும், ஆர்டிஎஸ்பி (கமரா நேரடி வீடியோ அனுப்பும் முறை) வீடியோவுக்கும் எழுதினேன். ஒரு மழை இரவு கரண்ட் போய் வந்தது. ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் சின்னக் கணினியான ராஸ்பெரி பைக்கு பற்றரி இருந்தது. ரவுட்டருக்கும் கமராவுக்கும் இல்லை. திரும்ப எழும்பிய ரவுட்டர் கமராவுக்கு வேறு முகவரி கொடுத்துவிட்டது.

வவுனியாவில் நின்று இரவு 10 மணிக்குப் பார்த்தேன். படலை பூட்டியபடி, லென்சுக்குக் கிட்ட ஒரு வெள்ளைப் பூச்சி. சரி என்று படுத்துவிட்டேன். விடிய அம்மா போன் எடுத்தா. காற்றுக்குப் படலை திறந்து, கட்டாக்காலி மாடுகள் நான்கு வரிசை மிளகாயை முறித்துப் போட்டிருந்தன. போனைத் திறந்தால் அதே பூச்சி, அதே இடத்தில். படத்தின் மூலையில் நேரம் முதல் நாள் இரவு 7.12.

புதுப் படம் எடுக்க முடியாதபோது ஜெனரிக் கமரா கடைசியாகக் கிடைத்த படத்தையே திருப்பிக் கொடுக்கும். செத்த கமரா உயிரோடு இருப்பதுபோலத் தெரியும். இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல்தான்.

ரவுட்டரில் ஐபி முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபி பகுதிக்குள் போய், கமராவின் மாக் முகவரிக்கு (கருவிக்கே உரிய மாறாத அடையாள எண்) ஒரே ஐபியை ஒதுக்குங்கள். பிறகு ரவுட்டரையும் கமராவையும் பிடுங்கிச் செருகி, படம் வருகிறதா என்று பாருங்கள். கமரா நெட்வேர்க்கில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் 'பிங்' இணைப்பையும் சேர்த்து, கமரா பதில் சொல்லாவிட்டால் போனுக்குச் செய்தி வரச் செய்யுங்கள். படத்தின் மூலையில் நேரம் ஓடட்டும். முதலில் அதைப் பாருங்கள்.

பாஸ்வேர்டில் @

கமராவின் பாஸ்வேர்டில் @ இருந்தால், ஆர்டிஎஸ்பி முகவரிக்குள் அதை %40 என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் முகவரி பிழையாகப் பிரிந்துவிடும்.

எச்.265

கமரா வீடியோவை எச்.265 என்ற முறையில் சுருக்கி அனுப்பினால், சில பிரவுசர்களில் கறுப்புத் திரைதான் வரும். கமராவின் சப் ஸ்ட்ரீமை (தரம் குறைந்த சிறிய வீடியோ) பழைய முறையான எச்.264க்கு மாற்றி, ஹோம் அசிஸ்டன்டின் டாஷ்போர்டுக்கு அதைக் கொடுங்கள். 4ஜி ரவுட்டரை நம்பியிருக்கும் வீடுகளில் மெயின் ஸ்ட்ரீமை (முழுத் தர வீடியோ) வெளியிலிருந்து பார்த்தால் மாத டேட்டா சில நாளிலேயே முடிந்துவிடும்.

வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறப்பது

வேண்டவே வேண்டாம், அந்த வழியால் யாரும் உள்ளே வரப் பார்க்கலாம். உங்கள் கருவிகளை மட்டும் தனிப் பாதையால் இணைக்கும் டெயில்ஸ்கேல் போடுங்கள்.