கீரைக்கு விலை கிடைக்க நான் செய்தது

மாதவரத்தைத் தாண்டி எங்களுக்கு அரை ஏக்கர், கீரையும் வெண்டைக்காயும்தான். விளைச்சலில் குறையில்லை, பணம்தான் கையில் நிற்காது: லோடு ஆட்டோ வாடகை, இறக்குக்கூலி, கமிஷன் எல்லாம் போக, 'இன்னிக்கு வரத்து அதிகம்ப்பா' என்று சொல்லி விலையையும் மண்டியிலேயே முடிவு செய்வார்கள், சாயங்காலத்துக்குள் கீரை வாடிவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும் இல்லையா.

பக்கத்து நிலத்து அண்ணன் சொல்லித்தான் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் பங்கு வாங்கினேன். விவசாயிகள் பத்துப் பேர் சேர்ந்தாலே கம்பெனிச் சட்டப்படி பதிவு செய்யலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு, பெரிய நிலக்காரர் ஆட்டிவைக்க முடியாது, எனக்குப் பிடித்ததே அதுதான். மத்திய அரசின் 2020 திட்டத்தில், தகுதியுள்ள நிறுவனத்துக்கு, நாம் போடும் பங்குத்தொகைக்கு ஈடாக உறுப்பினர் ஒருவருக்கு 2,000 ரூபாய் வரை என்ற கணக்கில் மானியமும் உண்டு.

இப்போது எல்லார் சரக்கும் ஒரே வண்டியில், எடை நம் தராசில், பெரம்பூர், கொளத்தூர் அடுக்குமாடிகளுக்கு நேராகப் போகிறது. விதை, உரம் மொத்தமாக வாங்குவதால் மலிவு. ஒரே தொல்லை, மண்டி மாதிரி பணம் அன்றே கைக்கு வராது, வாரக் கணக்கு. அவசரத்துக்குச் சில பேர் இன்னும் மண்டிக்கே போகிறார்கள், குறை சொல்லவும் முடியாது. அப்புறம், சேருவதற்கு முன்னால் வரவு செலவுக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.