ஆடு கடித்த புத்தகம்: பிள்ளைகளுக்கு ஒரு சிரிப்புப் புதிர்ப் புத்தகம் நீங்களே செய்யலாம்

நாலு ஏ4 தாள், பென்சில், கறுப்புப் பேனா, அழிப்பான், ஒரு ஸ்டேப்ளர். இவ்வளவு இருந்தால் போதும், ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு 16 பக்கத்தில் ஒரு புதிர்ப் புத்தகம் செய்துவிடலாம். படம் வரையத் தெரியாதே என்று தயங்க வேண்டாம், கோணல்மாணலான ஆடுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது.

தொடங்கும் முன் ஒரு விஷயம். பல புத்தகங்களில் புதிர் ஒரு பக்கம் இருக்கும், ஓரத்தில் ஒரு கோமாளி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான், இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. சிரிப்பு விடைக்குள் இருக்க வேண்டும். கண்டுபிடித்தால்தான் சிரிக்க முடியும் என்றால் பிள்ளை கடைசிவரை விடாது. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

முதலில் ஒரு குறும்புக்காரரைப் பிடியுங்கள்

சுவரில் ஒட்டிய போஸ்டரை ஆடு கிழித்துத் தின்பதைப் பார்க்காதவர் யார்? அந்த ஆட்டையே எடுத்துக்கொள்வோம். அது இந்தப் புத்தகத்தையும் கடித்துவிட்டது, அவ்வளவுதான் கதை. இனி ஒவ்வொரு புதிருக்கும் காரணம் தேட வேண்டாம்: எழுத்து காணோமா, ஆடு தின்றுவிட்டது. வழி தெரியவில்லையா, ஆடு ஓடிக்கொண்டிருக்கிறது.

கடித்த சொற்கள்

முதல் பக்கத்தில் சுலபமாக ஒன்று. தாளின் ஓரத்தில் பல் பதிந்த மாதிரி வளைவு வளைவாக வரைந்து, சொற்களைப் பாதியில் நிறுத்துங்கள்: விகட… கைரே… குட… தேரு வ… மோரு போ… பாவம், ஆடு தப்பான சொற்களைத் தின்றுவிட்டது. இவை எல்லாம் பின்னாலிருந்து படித்தாலும் அப்படியே வருபவை, அதனால் மிச்சம் இருக்கும் பாதியை வைத்தே தின்ற பாதியை மீட்டுவிடலாம். விகடகவி, கைரேகை, குடகு, தேரு வருதே, மோரு போருமோ. திருஞானசம்பந்தர் இந்த முறையில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார், மாலைமாற்று என்று பெயர். பெரிய பிள்ளை என்றால் அதையும் சொல்லிக் கொடுங்கள்.

ரகசிய எண்கள்

எனக்கு இந்தப் பக்கம்தான் ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் தமிழ் எழுத்து முறை இதற்காகவே செய்து வைத்த மாதிரி இருக்கிறது. க், ங், ச் என்று தொடங்கி ன் வரை மெய்யெழுத்துகளுக்கு 1 முதல் 18. அ முதல் ஔ வரை உயிரெழுத்துகளுக்கு 1 முதல் 12. பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் அதே வரிசை, மாற்றாதீர்கள். உயிர்மெய் எழுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்: முதலில் மெய், அப்புறம் உயிர். வ என்றால் 14-1, டை என்றால் 5-9. புள்ளி வைத்த எழுத்துக்கு இரண்டாவது எண் பூஜ்யம், தனி உயிருக்கு முதல் எண் பூஜ்யம்.

பக்கத்தின் மேலே ஆட்டை வரைந்து, அது பேசுவது போல ஒரு குமிழி போட்டு, உள்ளே இதை எழுதுங்கள்:

10-9 / 1-1, 3-1, 1-0, 1-5, 7-5

எழுத்து எழுத்தாகக் கண்டுபிடித்து முடித்தால் "மை கசக்குது" என்று வரும். புத்தகம் தின்ற ஆடு வேறென்ன சொல்லும்! இதே முறையில் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் புரிகிற சேதி ஒன்றும் எழுதி வையுங்கள், தலையணைக்கு அடியில் மிட்டாய் இருக்கிறது என்பது போல, அப்புறம் நிஜமாகவே அங்கே மிட்டாய் வைக்க மறக்காதீர்கள்.

குறுக்கெழுத்து

தமிழில் புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம் வேண்டும், "தமிழ்" என்றால் மூன்று கட்டம். ஆனால் எந்தத் தமிழ்ச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காது, அதனால் கீழ்நோக்கிப் போகும் சொல்லைப் புள்ளி இல்லாத எழுத்திலிருந்து தொங்கவிடுங்கள். மேலே "பம்பரம்" என்று ஐந்து கட்டம் போடுங்கள். முதல் ப-விலிருந்து கீழே "பட்டம்", நான்காவது எழுத்தான ர-விலிருந்து கீழே "ரயில்". இதுவே ஒரு குட்டிக் குறுக்கெழுத்து. குறிப்புகளை ஆடு சொல்வது போல எழுதுங்கள்: "இதைத் தின்னப் போனேன், வானத்துக்கு ஓடிவிட்டது, நூல்தான் வாயில் மிச்சம்."

கட்டங்களைக் கையால் போடுவதே நல்லது. ஆங்கிலத்துக்குச் செய்த இணையக் கருவிகள் சில, மி என்ற ஒரே எழுத்தை ம தனியாகவும் கொக்கி தனியாகவும் பிரித்து இரண்டு கட்டத்தில் போட்டுவிடும்.

ஓட்டப் பாதை

கணக்கு நோட்டில் இருக்கும் கட்டங்களில் சரியான வழியைப் பென்சிலால் முதலில் வரையுங்கள். பிறகு அதிலிருந்து கிளைகள் பிரித்து, மிச்சக் கட்டங்களை எல்லாம் முட்டுச்சந்துகளால் நிரப்புங்கள். கடைசியில், வழி போகாத இடங்களில் மட்டும் பேனாவால் சுவர் போட்டுவிட்டுப் பென்சிலை அழியுங்கள். சுவரிலிருந்து தொடங்கினால் வழியே இல்லாத பாதை வந்து நிற்கும்.

வேடிக்கையைத் தப்பான வழிகளில் வையுங்கள். ஒரு முட்டுச்சந்தில் துடைப்பத்தோடு பாட்டி, இன்னொன்றில் ஆட்டைப் பார்த்துப் பயந்து ஒளிந்திருக்கும் நாய். பிள்ளை வேண்டுமென்றே தப்பான வழியில் எல்லாம் போய்ப் பார்க்கும், அதற்காகத்தான்.

புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் படகில் ஒவ்வொன்றாக அக்கரை சேர்க்கும் பழைய கணக்கும் இங்கே பொருந்தும். நடுப் பக்கத்தில் ஆற்றை வரைந்து, மூன்றையும் வெட்டி நகர்த்துகிற மாதிரி தனித்தாளில் கொடுங்கள். ஏழு பயணத்தில் முடியும், ஆட்டை ஒருமுறை திரும்பக் கூட்டிவருவதுதான் சூட்சுமம். ஆறு வித்தியாசம், விடுகதை இவற்றை மிச்சப் பக்கங்களில் உங்கள் விருப்பம்போல் போட்டுக்கொள்ளுங்கள்.

பக்க வரிசை

நாலு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்து, 1 முதல் 16 வரை ஓரத்தில் சின்னதாக எண் போடுங்கள். பிரித்துப் பார்த்தால் வெளித்தாளில் 16-உம் 1-உம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அதன் பின்புறம் 2-உம் 15-உம். எந்தத் தாளை எடுத்தாலும் பக்கத்திலிருக்கும் இரண்டு எண்களைக் கூட்டினால் 17 வரும், வராவிட்டால் எங்கேயோ தாள் மாறியிருக்கிறது. ஓரத்தில் 1 செ.மீ. விட்டே வரையுங்கள், இல்லாவிட்டால் ஜெராக்ஸில் வெட்டுப்படும்.

விடைகள் 15-ஆம் பக்கத்தில், தலைகீழாக. எல்லாப் பக்கத்தையும் ஆடு கடிக்கலாம், இந்த ஒரு பக்கத்தைத் தொடக்கூடாது, விடை கிடைக்காத புதிர் பிள்ளையை அழவைத்துவிடும்.

கோர்ப்பதற்கு முன்

தாள்களை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டு எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். "இதுல என்ன பண்ணணும்?" என்று கேட்டால் அந்தப் பக்கத்தின் விளக்கத்தை மாற்றி எழுதுங்கள், ஒரே வரியில், ஒரு உதாரணத்தோடு. விடை வந்த பிறகும் முகத்தில் சிரிப்பு வரவில்லை என்றால் விடையை மாற்றுங்கள்.

சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்புவரை எட்டாது. அதை முழுசாக விரித்து, தாள்களுக்கு அடியில் தெர்மோகோல் துண்டு வைத்து, மடிப்பின் வெளிப்பக்கத்திலிருந்து இரண்டு இடத்தில் அழுத்துங்கள். தெர்மோகோலை உருவிவிட்டு, பின் முனைகளைக் கரண்டிக் காம்பால் மடக்கிவிடுங்கள், விரலால் மடக்க வேண்டாம்.