துறைமுகத்தின் கார்பன் கணக்கு: எங்கே தொடங்குவது, எங்கே வழுக்கும்

உமிழ்வைக் குறைக்க வேண்டும் என்றதும் சூரியத் தகடு, எல்இடி விளக்கு என்று கொள்முதல் பேச்சு தொடங்கிவிடும். அதற்கு முன் ஓராண்டுக் கணக்கைப் போட்டுவிடுங்கள். எது பெரிய ஓட்டை என்று தெரியாமல் வாங்கினால், பெரும்பாலும் சின்ன ஓட்டைதான் அடைபடும்.

முதல் வேலை எல்லை போடுவது. துறைமுக நிர்வாகமே எரிக்கும் எரிபொருள் முதல் வகை: சொந்த இழுவைப் படகுகள், கிரேன்கள், ஜெனரேட்டர்கள், வண்டிகள். வாங்கும் மின்சாரம் இரண்டாம் வகை. வந்துபோகும் கப்பல்கள், தனியார் முனையங்கள், கண்டெய்னர் லாரிகள், ஒப்பந்தத்தில் வரும் தூர்வாரும் கப்பல் எல்லாம் மூன்றாம் வகை. தூத்துக்குடி போல அனல்மின் நிலையம் பக்கத்திலேயே இருக்கும் இடத்தில் குழப்பம் வரும். நிலக்கரியை இறக்கிக் கொண்டுசேர்க்கும் வேலை வரைதான் துறைமுகக் கணக்கு. கொதிகலனில் எரிவது மின் நிலையத்தின் கணக்கு.

இனி எண்கள். டீசல் ஒரு லிட்டருக்குச் சுமார் 2.68 கிலோ கார்பன் டைஆக்சைடு. கப்பல் டீசலுக்கு சர்வதேச கடல்சார் அமைப்பின் குணகம் (எரிபொருளைக் கார்பன் டைஆக்சைடாக மாற்றப் பெருக்கும் எண்) டன்னுக்கு 3.206 டன். ஒன்று லிட்டர், மற்றது எடை. இரண்டையும் கலந்து பெருக்குவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. இந்திய மின்தொகுப்புக்கு மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் குணகம் வெளியிடுகிறது. இப்போதைக்கு யூனிட்டுக்கு 0.7 கிலோவைச் சற்றுத் தாண்டி நிற்கிறது.

டீசலுக்கு வாங்கிய பில்லை மட்டும் கூட்டாதீர்கள். ஏப்ரல் 1 அன்று தொட்டியில் இருந்த இருப்பைச் சேர்த்து, மார்ச் 31 இருப்பைக் கழித்தால்தான் எரிந்தது தெரியும். மின்சாரத்தில் வேறு சிக்கல்: உயர் அழுத்த இணைப்பு நிர்வாகத்தின் பெயரில் இருக்கும், அதிலிருந்து முனையங்களுக்கும் கிடங்குகளுக்கும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். துணை மீட்டர் இல்லையென்றால் ஒரே யூனிட்டை இருவரும் எழுதுவார்கள், அல்லது இருவருமே விட்டுவிடுவார்கள். குளிர்சாதனத்தில் கசியும் வாயுவையும் மறக்க வேண்டாம். ஆர்-404ஏ என்ற குளிரூட்டும் வாயு 10 கிலோ கசிந்தாலே சுமார் 39 டன் கார்பன் டைஆக்சைடுக்குச் சமம். அதாவது ஏறக்குறைய 14,500 லிட்டர் டீசல்!

கரைமின்சாரம்: கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்

தளத்தில் நிற்கும் கப்பல் தன் ஜெனரேட்டரை அணைத்துவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் எடுப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் இந்தியாவில் அது தானாகக் கார்பனைக் குறைத்துவிடாது. 1,000 கிலோவாட் சுமையோடு 24 மணி நேரம் நிற்கும் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். தேவை 24,000 யூனிட். கப்பல் ஜெனரேட்டர் யூனிட்டுக்குச் சுமார் 200 கிராம் எரித்தால் 4.8 டன் எரிபொருள், அதாவது 15.4 டன் கார்பன் டைஆக்சைடு. அதே மின்சாரம் தொகுப்பிலிருந்து வந்தால் 16.8 டன். மின்கடத்தல் இழப்பும் மாற்றி இழப்பும் அதற்கு மேல். கந்தகப் புகை, நைட்ரஜன் ஆக்சைடு, தூசி இவற்றிலிருந்து ஊர் தப்பிக்கும். அதுவே பெரிய லாபம்தான். கார்பன் லாபம் வேண்டுமானால் காற்றாலை அல்லது சூரிய மின்சார ஒப்பந்தத்தையும் சேர்த்தே போட வேண்டும். தமிழ்நாட்டில் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் வாரி வழங்கும். ஆகவே ஆண்டு மொத்தத்தைப் பார்க்காமல் மாதவாரியாகப் பொருத்திப் பாருங்கள்.

உயர் அழுத்தக் கரை இணைப்புக்கான தரம் ஐஇசி/ஐஇஇஇ 80005-1, அழுத்தம் 6.6 அல்லது 11 கிலோவோல்ட். நம் தொகுப்பு 50 ஹெர்ட்ஸ், பெரிய கண்டெய்னர் கப்பல்கள் பெரும்பாலும் 60. அலைவெண் மாற்றி இல்லாமல் டெண்டர் விட்டால் சாதனம் சும்மா நிற்கும். கப்பலின் துணைக் கொதிகலன் தொடர்ந்து எரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நீராவியில் சரக்கு இறைக்கும் எண்ணெய்க் கப்பலில் அதுதான் பெரிய பங்கு.

முற்றத்தில் கண்டெய்னர் பெட்டிகளை அடுக்கும் கிரேன்களை (ஆர்டிஜி) மின்மயமாக்கும்போது அதே தொகுப்பு மின்சாரம் வேறு விடை தருகிறது. டீசல் கிரேன் பெட்டிக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் இயந்திரம் ஓடிக்கொண்டேயிருக்கும். மின்சாரக் கிரேனில் அந்த வீண்செலவு போகிறது, பெட்டியை இறக்கும்போது கொஞ்சம் மின்சாரம் திரும்பியும் வருகிறது. கேபிள் சுருள் வகை எடுத்தால் ஒரு அடுக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகரச் சின்ன டீசல் இயந்திரமோ மின்கலமோ வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

இழுவைப் படகுகளுக்கு 2024 ஆகஸ்டில் பசுமை டக் மாற்றுத் திட்டம் வந்திருக்கிறது. முதல் கட்டத்தில் தூத்துக்குடி உட்பட 4 துறைமுகங்கள், தலா 2 படகுகளாவது. படகு வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. படகை ஓட்டத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் படியோடு ஏறும். வேலைக்குப் போகும் வெற்றுப் பயணத்தில் வேகத்தை 2 நாட் (மணிக்கு 2 கடல் மைல்) குறைத்தாலே டீசல் மீட்டரில் தெரியும்.

தூர்வாரலும் கான்கிரீட்டும்

விரிவாக்கம் நடக்கும் ஆண்டில் இவை இரண்டும் மற்றதையெல்லாம் விழுங்கிவிடும். தூர்வாரல் டெண்டரில் ஒரு கனமீட்டருக்கு எத்தனை லிட்டர் எரிபொருள் என்று கேளுங்கள். கனமீட்டர் என்பது வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஆழ அளவையின் வித்தியாசமாக இருக்கட்டும். தூர்வாரும் கப்பலின் தொட்டியில் அளந்தால் தண்ணீரும் மண்ணாகிவிடும், எண் அழகாகத் தெரியும். கொட்டும் இடத்தின் தூரத்தைக் குறைப்பதும், மணலாக இருந்தால் நிலம் நிரப்பப் பயன்படுத்துவதும் நேரடி மிச்சம். அடியில் குழம்புச் சேறு இருந்தால், ஒலியால் ஆழம் அளக்கும் கருவியின் எதிரொலி காட்டும் மேல்மட்டத்தை நம்பித் தோண்டாதீர்கள். ராட்டர்டாமில் அடர்த்தி கனமீட்டருக்கு 1,200 கிலோ வரும் மட்டத்தையே கப்பலுக்கான அடிமட்டமாக எடுத்தார்கள்; அதற்கு மேலுள்ள இளஞ்சேற்றில் கப்பல் போகலாம்.

கான்கிரீட்டில் 400 கிலோ சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட் போட்டால் கனமீட்டருக்குச் சிமென்ட் மட்டுமே ஏறக்குறைய 350 கிலோ கார்பன் டைஆக்சைடு. ஐஎஸ் 455 தர இரும்புக் கசடு சிமென்டில் 25 முதல் 70 சதவீதம் வரை கசடு. பாதி கசடு என்றால் உமிழ்வும் கிட்டத்தட்டப் பாதி. உப்பு ஊடுருவுவதையும் அது தடுக்கும். அதற்கான விலையை நேரமாகக் கொடுக்க வேண்டியிருக்கும்: தொடக்க வலிமை மெதுவாக ஏறும். அச்சுப் பலகையை வழக்கமான நாளில் கழற்றினால் விளிம்பு உடையும், ஈரப்பதத்தில் கஞ்சத்தனம் காட்டினால் மேற்பரப்பு பொடிந்து போகும்.

கடைசியாக, வகுக்கும் எண். பசுமைத் துறைமுகங்களுக்காக மத்திய அரசு 2023 மே மாதம் வெளியிட்ட ‘ஹரித் சாகர்’ வழிகாட்டி, சரக்கு டன்னுக்கான உமிழ்வை 2030-க்குள் 30 சதவீதமும் 2047-க்குள் 70 சதவீதமும் குறைக்கச் சொல்கிறது. சரக்கு பெருகினால் இந்த விகிதம் தானாகவே இறங்கலாம், மொத்த உமிழ்வு ஏறிக்கொண்டிருந்தாலும். நிலக்கரி குறைந்து கண்டெய்னர் கூடினால் உழைப்பு எதுவுமே மாறாமல் விகிதம் மாறும். எனவே விகிதத்தோடு மொத்த டன்னையும் சரக்கு வகையையும் ஒரே அட்டவணையில் போடுங்கள். ஒரு முனையம் தனியார் கைக்குப் போனால் ஒப்பிட எடுத்துக்கொண்ட அடிப்படை ஆண்டின் கணக்கிலிருந்தும் அதை எடுத்துவிட்டு மறுபடி கூட்டுங்கள்; இல்லாவிட்டால் குத்தகைப் பத்திரம் போட்ட நாளன்றே இலக்கை எட்டியதாகக் காகிதம் சொல்லும்.